எபி பார்த்தாச்சா? வடசென்னை அனிமே சண்டைகளின் பின்னணி

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ராத்திரி எட்டு மணிக்கு டீக்கடை ஓரம் நிற்கும் பையன்களின் பேச்சைக் கொஞ்சம் கேட்டால், கிரிக்கெட்டுக்கும் சினிமாவுக்கும் நடுவே அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் பற்றிய தகராறும் நிரந்தர இடம் பிடித்திருப்பது தெரியும். "இன்னா மச்சி, எபி பாத்தியா?" என்று ஒருவன் ஆரம்பிப்பான். "பாத்தேன். மொக்க." "மொக்கையா? டேய், நீ எந்த எபி பாத்த?" கடைசியாகக் கேட்ட அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் அதற்கு யாரும் நின்று பதில் சொல்வதில்லை. பேச்சு அப்படியே 'உனக்கு டேஸ்ட்டே இல்ல' என்ற பக்கம் திரும்பிவிடும்.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை ரசனைக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. ஒரு தொடரை ஒருவன் தமிழ் டப்பில் பார்க்கிறான், இன்னொருவன் ஜப்பானியக் குரலில் ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கிறான். ஒருவன் வாரம் ஒரு எபிசோடாக மூன்று மாதம் காத்திருக்கிறான், இன்னொருவன் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து இரண்டு ராத்திரியில் முடிக்கிறான். ஒருவன் மூலக்கதையான மங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸை, படித்துவிட்டு வருகிறான், இன்னொருவனுக்குக் கதையே தெரியாது. போதாததற்கு, அந்தத் தொடர் ஜப்பானில் எவ்வளவு அவகாசத்தில், யார் கையில் தயாரானது என்பதும் படத்தில் தெரிகிறது. இதையெல்லாம் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், வெறும் பிடிவாதம் போலத் தோன்றும் பல கருத்துகளுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

முதலில், அனிமே இந்தப் பக்கம் எப்படி வந்து சேர்ந்தது என்று பார்க்கலாம்.

கார்ட்டூன் நெட்வொர்க்கில் போகிமானும் டிராகன் பால் இசட்டும் ஓடியபோது பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். அது ஜப்பான் சரக்கு என்று அப்போது பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. கார்ட்டூன், அவ்வளவுதான். அப்புறம் ஹங்காமாவில் டோரேமானும் ஷின்சானும் வந்தார்கள். 2004இல் அனிமேவுக்கென்றே அனிமேக்ஸ் என்ற சேனல் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் அது தெரிவதும் தெரியாததும் அந்தத் தெருவின் கேபிள்காரர் மனசு வைப்பதைப் பொறுத்தது.

அடுத்தது டிஸ்க் காலம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைப்புக்காகக் கடை போட்ட பர்மா பஜார், ராஜாஜி சாலையில் பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராயபுரத்துக்காரருக்கு நடந்துபோகிற தூரம். கொரியப் படம், ஹாங்காங் சண்டைப் படம் என்று தேடிப் போனவர்கள் கையில் அனிமே டிவிடியும் மாட்டியது. கூடவே பிரவுசிங் சென்டரில் இறக்கிய நருட்டோ, பென் டிரைவ் பென் டிரைவாகக் கைமாறியது. எல்லாமே கள்ளப் பிரதிதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் கோப்புகளில் இருந்த ஆங்கில சப்டைட்டிலும் பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டு ரசிகர் சம்பளமில்லாமல் உட்கார்ந்து எழுதியது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் கதை மாறியது. மியூஸ் ஏசியா போன்ற சேனல்கள் முறையாக உரிமம் வாங்கி யூடியூபிலேயே இலவசமாகத் தொடர்களைப் போட்டன. 2022இல் அனிமேவுக்கான ஸ்ட்ரீமிங் தளமான கிரன்ச்சிரோல் இந்தியாவில் தன் மாதச் சந்தாவை 100 ரூபாய்க்குக் கீழே இறக்கியது. அதே ஆண்டு சோனி யே சேனலில் நருட்டோ தமிழ் பேசினான். ஜுஜுட்சு கைசென், சோலோ லெவலிங் என்று புதுத் தொடர்களுக்கும் தமிழ் டப் வரத் தொடங்கியது.

இதன் விளைவு, தண்டையார்பேட்டையில் ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை ரசிகர்கள் இருக்கிறார்கள். அண்ணன் பென் டிரைவ் காலத்து ஆள். ஜப்பானியக் குரல் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. தம்பி எட்டாவது படிக்கும்போதே தமிழில் பார்த்து உள்ளே வந்தவன். அண்ணனுக்குத் தமிழ் டப் கேலிக்கூத்து. தம்பிக்கு அண்ணன் பந்தா பண்ணுகிறான்.

இந்த இடத்தில் நான் தம்பி பக்கம். டப்பைக் கேவலமாகப் பேசுபவர்களில் பலர் முழுசாக இரண்டு எபிசோடுகூட கேட்டதில்லை. உதட்டசைவு பொருந்தவில்லை என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. உண்மையில் அனிமேயில் அது பெரிய சிக்கலே இல்லை. டிவி அனிமேயில் வாய் பெரும்பாலும் மூடியது, பாதி திறந்தது, முழுதாகத் திறந்தது என்று சில நிலைகளில்தான் வரையப்படுகிறது. ஆள் நடித்த படத்தைவிட இதற்குக் குரல் பொருத்துவது சுலபம். டப்பில் நிஜமாகச் சறுக்குவது வேறு இடம். ஜப்பானில் குரல் நடிப்பு தனித் தொழில். அதற்கென்றே பயிற்சிப் பள்ளிகள் உண்டு. முன்னணிக் குரல் நடிகர்களுக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கிறது. அந்த அலறலையும் விம்மலையும் குறைந்த நாளில், சின்னக் குழுவை வைத்துக்கொண்டு தமிழில் கொண்டுவருவது கஷ்டம். அப்புறம், நாகர்கோவிலிலிருந்து எண்ணூர் வரை எல்லோருக்கும் ஒரே டப் என்பதால் பேச்சு எந்த ஊருடையதாகவும் இருக்காது. தெருவில் 'இன்னாபா' என்று பேசிவிட்டு வருகிறவனுக்கு அது செய்தி வாசிப்பது மாதிரி கேட்கத்தான் செய்யும்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு எபிசோட் ஏறக்குறைய 24 நிமிடம். ஆங்கிலம் சரளமாக வராத பையன் அந்த 24 நிமிடமும் திரையின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருப்பான். சண்டைக்காட்சியில் கால் எப்படி நகர்கிறது, பின்னணியில் யார் முகம் மாறுகிறது என்பதெல்லாம் அவன் கண்ணுக்குத் தப்பிவிடும். 'அந்த ஃபைட்டுல என்னடா இருக்கு' என்று அவன் சொன்னால் அவன் ரசனையைக் குறை சொல்ல வேண்டாம், அவன் வாசித்துக்கொண்டிருந்தான். அதே பையன் தமிழில் பார்த்தால் படத்தைப் பார்ப்பான். சப்டைட்டிலைப் படித்துப் படித்தே ஆங்கிலம் பிடிபட்டுப்போனவர்களும் இந்தப் பக்கம் நிறைய இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

டப்பில் இன்னொரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பல தொடர்களுக்குத் தமிழ் டப், ஜப்பானிய ஒளிபரப்புக்குச் சில வாரம் கழித்தே வருகிறது. அதனால் டப் பார்ப்பவன் எப்போதும் பின்தங்கி இருக்கிறான், எப்போதும் ஸ்பாய்லர் வாங்குகிறான். அவன் பார்க்கும்போது யார் சாகப்போகிறார்கள் என்பது ஏற்கெனவே தெரியும். அதிர்ச்சியை மட்டும் நம்பி எடுத்த எபிசோட் அவனுக்குச் சப்பென்று இருப்பதில் ஆச்சரியம் என்ன?

நேரம் என்பது இந்த விஷயத்தில் பெரிய சமாச்சாரம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பெரியவர்களுக்கான அனிமே அங்கே பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டித்தான் ஒளிபரப்பாகும். டோக்கியோவில் நள்ளிரவு 12 என்றால் இங்கே இரவு 8.30. அங்கே தூக்கம் கெட்டுப் பார்க்கிற நிகழ்ச்சி, இங்கே வேலை முடிந்து, சாப்பிட்டு, மொட்டை மாடிக்குப் போகிற நேரத்துக்குச் சரியாக வந்து இறங்குகிறது. வாராந்திர அனிமே இங்கே ஒரு பழக்கமாகப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மங்காவுக்கும் அதே கணக்குதான். ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும்போது ஷோனென் ஜம்ப் இதழின் புது அத்தியாயங்கள் மங்கா பிளஸ் செயலியில் இலவசமாக வரும். நமக்கு அது ஞாயிறு இரவு 8.30. அந்தச் செயலி 2019 ஜனவரியில் தொடங்கியது. ஆங்கிலத்தில் உண்டு, தமிழில் இல்லை.

ஜப்பானில் புதுத் தொடர்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு முறை தொடங்குகின்றன. ஒரு சுற்றுக்கு 12 அல்லது 13 எபிசோட். இந்த அளவுக்குள் கதையை எங்கே வெட்டுவது என்பதுதான் இயக்குநரின் முதல் தலைவலி. வாரம் ஒன்றாகப் பார்ப்பவனுக்கு ஐந்தாம் எபிசோடில் ஒன்றுமே நடக்காவிட்டால் கோபம் வருகிறது, ஒரு வாரம் காத்திருந்தவன் அல்லவா. மொத்தமாகப் பார்ப்பவனுக்கு அந்த ஐந்தாம் எபிசோட் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். இருவரும் சொல்வது உண்மைதான்.

பழைய நெடுந்தொடர்களில் இது இன்னும் மோசம். நருட்டோ முதல் தொடரில் மொத்தம் 220 எபிசோட். அதில் 135க்குப் பிறகு ஏறக்குறைய எல்லாமே ஃபில்லர், அதாவது மங்காவில் இல்லாத இடைச்செருகல். காரணம் எளிது. வாரம் ஒரு அத்தியாயம் வரையும் மங்கா ஆசிரியரை வாரம் ஒரு எபிசோட் போடும் அனிமே துரத்திப் பிடித்துவிட்டது. நிறுத்தினால் டிவி நேரம் போய்விடும். அதனால் சும்மா ஏதாவது கதை சொல்லி ஓட்டினார்கள். டிராகன் பால் இசட்டில் ஐந்து நிமிடத்தில் வெடிக்கப்போகிறது என்று வில்லன் சொன்ன கிரகம் வாரக்கணக்கில் வெடிக்காமல் நின்றதற்கும் இதே காரணம்தான். அந்தக் காலத்தில் கேபிளில் பார்த்த அண்ணன்மார் அதையும் சகித்துக்கொண்டு நேசித்தார்கள். இப்போது ஃபில்லர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தாண்டித் தாண்டிப் பார்க்கும் பையன், 'நருட்டோவுல லேகே இல்லையே' என்கிறான். அண்ணன் முறைக்கிறார்.

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் இன்னும் வேடிக்கை. மங்கா முடியாத நிலையில் 2003இல் ஒரு அனிமே வந்தது. பாதிக்கு மேல் தானாகவே ஒரு கதையைப் பிடித்துக்கொண்டு தனி முடிவுக்குப் போனது. 2009இல் மங்காவை ஒட்டி இன்னொரு அனிமே எடுத்தார்கள். இரண்டு பேர் முடிவைப் பற்றி ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டு, இருவரும் பார்த்தது வெவ்வேறு தொடர் என்று கடைசியில் கண்டுபிடிப்பதை நானே கேட்டிருக்கிறேன். அட்டாக் ஆன் டைட்டனிலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. மங்கா 2021 ஏப்ரலில் முடிந்தது. அனிமே 2023 நவம்பரில்தான் முடிந்தது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டு, 'முடிவு கேவலம்' என்ற தீர்ப்பு மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. அனிமேயின் கடைசி எபிசோடில், அதிகம் திட்டு வாங்கிய உரையாடலை மங்கா ஆசிரியரே திருத்தி எழுதிக் கொடுத்தார். ஆக, முடிவைத் திட்டுகிறவனும் பாராட்டுகிறவனும் ஒரே வசனத்தைக் கேட்கவில்லை.

அப்புறம் ஸ்டூடியோ சண்டை. 'மேப்பா எடுத்தா மாஸ், மத்தவன் எடுத்தா மொக்க' என்கிற மாதிரி தீர்ப்புகள் சாதாரணமாகக் காதில் விழும். சினிமாவில் இயக்குநர் பெயரைச் சொல்வது போல இங்கே ஸ்டூடியோ பெயரைச் சொல்கிறார்கள். இது பாதிதான் சரி.

ஒன் பஞ்ச் மேன் இதற்கு நல்ல உதாரணம். 2015இல் முதல் சீசனை மேட்ஹவுஸ் எடுத்தது, ஆக்‌ஷன் பிரமாதம். 2019இல் இரண்டாம் சீசன் ஜே.சி.ஸ்டாஃப் கைக்குப் போனது. ரசிகர்கள் கழுவி ஊற்றினார்கள். ஸ்டூடியோ மாறியதால் கெட்டுவிட்டது என்பது எல்லோரும் சொல்கிற காரணம். ஆனால் முதல் சீசனின் தரம் மேட்ஹவுஸ் என்ற கட்டடத்திலிருந்து வரவில்லை. அதன் இயக்குநர் ஷிங்கோ நட்சுமே தனக்குத் தெரிந்த திறமையான அனிமேட்டர்களை வெளியிலிருந்து கூப்பிட்டுச் சேர்த்தார். ஜப்பானில் முக்கிய அனிமேட்டர்களில் பலர் எந்த நிறுவனத்திலும் நிரந்தர ஊழியர் கிடையாது. வேலைக்கு வேலை கூலி. நல்ல மேஸ்திரி கூப்பிட்டால் நல்ல கொத்தனார்கள் வருவார்கள் என்பதுபோல. இயக்குநர் மாறினால் அந்தக் கூட்டமும் கலைந்துவிடும்.

ஒரே தொடருக்குள்ளேயே எபிசோடுக்கு எபிசோட் முகம் மாறுவதற்கும் இதுதான் விளக்கம். ஒவ்வொரு எபிசோடுக்கும் தனி இயக்குநர், தனி அனிமேஷன் மேற்பார்வையாளர் இருப்பார்கள். நருட்டோ ஷிப்புடென் 167ஆம் எபிசோட், பெய்ன் என்ற வில்லனோடு நருட்டோ மோதுவது, வந்தபோது உலகம் முழுக்கச் சிரித்தார்கள். நிறுத்திப் பார்த்தால் முகமெல்லாம் ரப்பர் மாதிரி இழுபட்டிருக்கும். நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்த்தால் அந்த அடியில் இருக்கிற எடை வேறு எந்த எபிசோடிலும் இல்லை. படத்தை ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்தவனும் ஓட்டத்தில் பார்த்தவனும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் ஓட்டத்தில் பார்ப்பவன் கட்சி.

பணம் போடுவது யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான அனிமே, தயாரிப்புக் குழு என்ற ஏற்பாட்டில் உருவாகிறது. மங்கா பதிப்பகம், டிவி நிலையம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நட்டத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். லாபமும் அவர்களுக்கே. வரைகிற ஸ்டூடியோ பல நேரம் வெறும் ஒப்பந்தக்காரர். இரண்டாவது சீசன் வருமா என்பதை முடிவு செய்வது இந்தக் குழுதான். பதிப்பகத்துக்குப் புத்தகம் விற்றுவிட்டது, விளம்பரம் போதும் என்று தோன்றினால் கதை அந்தரத்தில் நிற்கும். 2014இல் ஒரே சீசனோடு நின்ற நோ கேம் நோ லைஃபுக்கு 2017இல் ஒரு திரைப்படம் கிடைத்தது, இரண்டாவது சீசன் வரவில்லை. அதற்காக ஸ்டூடியோவைத் திட்டிப் பயனில்லை. மாறாக, டீமன் ஸ்லேயருக்குப் பின்னால் அனிபிளெக்ஸ், ஷுயேஷா, யூஃபோடேபிள் என்ற மூன்றே நிறுவனங்கள். வரைகிற ஸ்டூடியோவே பங்காளி. அந்தப் படத்தில் தெரிகிற பொறுமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஜுஜுட்சு கைசென் இரண்டாம் சீசன் 2023இல் ஓடிக்கொண்டிருந்தபோதே அதில் வேலை செய்த அனிமேட்டர்கள் சிலர் வேலை நெருக்கடியைப் பற்றி வெளிப்படையாகப் புலம்பினார்கள். அந்தச் சீசனை 'வெறித்தனம்' என்று கொண்டாடியவர்களும் 'அவசரத்துல எடுத்துட்டானுங்க' என்று சொன்னவர்களும் ஒரே சமயத்தில் சரியாக இருந்தார்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். வடசென்னைக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது: விளையாட்டு. இந்தப் பக்கத்து ரசிகர்கள் ஸ்போர்ட்ஸ் அனிமேயைப் பார்க்கும்போது அளவுகோல் மாறிவிடுகிறது.

குத்துச்சண்டையை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த ஆட்டம் இது. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்று மோதிய ஊர். இன்றும் ராயபுரம், புளியந்தோப்பு பக்கம் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் கொஞ்ச காலம் கிளவுஸ் மாட்டியிருப்பார். இவர்களிடம் ஹஜிமே நோ இப்போ என்ற குத்துச்சண்டை அனிமேயைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதன் நாயகன் பெயர்தான் இப்போ, அம்மாவின் மீன்பிடிப் படகுத் தொழிலுக்குக் கைகொடுக்கும் பள்ளிக்கூடப் பையன். அப்பா கடலில் இறந்தவர். பள்ளியில் அடி வாங்குகிறவன். படகில் சுமந்து சுமந்து இடுப்பும் முதுகும் இறுகியிருப்பதால்தான் அவன் குத்தில் வேகம் இருக்கிறது என்று கதை சொல்கிறது. காசிமேட்டில் இதை யாரும் கற்பனை என்று நினைக்க மாட்டார்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, எழுபத்தைந்து எபிசோட் ஓடும் இந்தத் தொடரை முழுசாகப் பார்த்து முடிக்க நேரமும் இருக்கும்.

அவர்கள் கருத்து சொல்லும் விதமே வேறு. மற்ற இடத்தில் 'அனிமேஷன் சூப்பர்' என்று நின்றுவிடும். இங்கே, டிஃபென்ஸில் கை தாடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, குத்தும்போது பின்னங்கால் திரும்புகிறதா என்று போகும். இப்போவின் ஸ்டைல், மைக் டைசன் ஆடிய பீக்கபூ ஸ்டைல். அவன் கடைசியில் அடிக்கும் டெம்ப்சி ரோல், 1920களின் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சி பெயரில் வந்தது. டைசனின் பழைய ஃபைட்டுகளை யூடியூபில் பார்த்துப் பழகியவன் இதை உடனே பிடித்துவிடுகிறான். பிடித்ததும் தொடர் மேல் மரியாதை வந்துவிடுகிறது.

அஷிதா நோ ஜோ அதைவிடப் பழையது, இன்னும் நெருக்கமானது. மங்கா 1968இலிருந்து 1973 வரை வந்தது. டிவி அனிமே 1970இல் தொடங்கியது. களம் டோக்கியோவின் சான்யா, தினக்கூலிகளும் மலிவு விடுதிகளும் நிறைந்த பகுதி. குடித்துச் சீரழிந்த பழைய பாக்ஸர் ஒருவர் பாலத்துக்கு அடியில் ஒரு கொட்டகையில் பயிற்சிக்கூடம் வைக்கிறார். அங்கே வந்து சேர்கிற அனாதைப் பையன் ஜோ. அவனோடு மோதுவதற்காகவே ரிக்கிஷி என்ற எதிரி பல எடைப்பிரிவு கீழே இறங்குகிறான். தண்ணீர் குடித்துவிடக் கூடாதென்று குழாய்களையெல்லாம் கம்பியால் கட்டிவைத்திருக்கும் காட்சி ஒன்று வரும். போட்டிக்கு முன் எடை குறைக்கப் பட்டினி கிடந்த யாருக்கும் அதைப் பார்த்தால் தொண்டை வறளும். சாதாரண ரசிகனுக்கு அது மெலோடிராமா. ரிங்கில் ஏறியவனுக்கு அது ஞாபகம்.

அந்த ரிக்கிஷி கதையில் இறந்தபோது, 1970 மார்ச் 24 அன்று டோக்கியோவில் மங்காவை வெளியிட்ட கோடான்ஷா அலுவலகத்தில் நிஜமாகவே இறுதிச் சடங்கு நடத்தினார்கள். சுமார் 700 பேர் வந்தார்கள். இல்லாத ஆளுக்கு இப்படி ஒரு சடங்கா என்று நம்மூரில் யாரும் கேட்கத் தேவையில்லை. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிய ஊர் இது.

அனிமே வேறு, கிழவர்கள் படித்த பழைய மங்கா வேறு என்று நினைத்துக்கொண்டு இந்தத் தொடரை யாரும் தொடுவதில்லை என்பது என் வருத்தம். படம் பழசாக இருக்கும், கோடுகள் கரடுமுரடாக இருக்கும். ஆனால் இந்தப் பகுதியில் ஒருவருக்கு ஒரே ஒரு தொடரைச் சொல்ல வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

கால்பந்துக்கு வந்தால், வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சும்மா சொல்லவில்லை. ப்ளூ லாக் 2022 அக்டோபரில் வந்ததும் மைதானத்துப் பையன்களிடம் தீயாகப் பரவியது. ஜப்பான் 2018 உலகக் கோப்பையில் தோற்றதைச் சாக்காக வைத்து, 300 இளம் ஸ்ட்ரைக்கர்களை ஒரு கட்டடத்தில் அடைத்து, சுயநலம்தான் கோல் போடும் என்று போதிக்கிற கதை. மைதானத்தில் இது பெரிய தகராறு. பயிற்சியாளர்கள் பாஸ் கொடு, பாஸ் கொடு என்று வருஷக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியதையெல்லாம் இந்தத் தொடர் ஒரே சீசனில் கெடுத்துவிட்டது என்று ஒரு கட்சி. பாஸ் கொடுத்துக் கொடுத்தே செலக்‌ஷனில் பெயர் வராமல் போனவன் இன்னொரு கட்சி. டிவிஷன் லீகில் இடம் பிடித்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலைக்குப் போக வேண்டும் என்று கணக்குப் போடுகிற பையனுக்கு அந்தத் தொடர் கால்பந்தைப் பற்றியதே இல்லை. 2024இல் வந்த இரண்டாம் சீசனில் அசையாத படங்கள் அதிகம் என்று உலகமே திட்டியபோது, இங்கே சிலர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கணக்கை.

பெண்கள் எங்கே என்று கேட்டால், டீக்கடை ஓரத்தில் இல்லை. கும்மிடிப்பூண்டி லைன் ரயிலின் மகளிர் பெட்டியிலும், பாரதி மகளிர் கல்லூரி மரத்தடியிலும், வாட்ஸ்ஆப்பிலும் அவர்களுக்குத் தனி உலகம் இருக்கிறது. 'பசங்க பாக்குறது' என்று ஷோனென் தொடர்களைத் தள்ளிவைப்பார்கள் என நினைத்தால் அது தவறு. ஷோனென் (பையன்கள்), ஷோஜோ (சிறுமிகள்) என்பதெல்லாம் மங்கா வெளியான பத்திரிகை யாரை வாசகராக வைத்தது என்பதைக் குறிக்கும் பிரிவு, அவ்வளவே. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் ஷோனென் பத்திரிகையில் வந்தது. எழுதி வரைந்தவர் ஹிரோமு அரகாவா என்ற பெண். இவர்கள் பேச்சில் பவர் ஸ்கேலிங், அதாவது யார் யாரை அடிப்பான் என்ற கணக்கு, குறைவாகத்தான் வருகிறது. ஃப்ரீரென், அபோதிகரி டைரீஸ் போல நிதானமாக நகரும் தொடர்களுக்கு இங்கே நல்ல ரசிகைகள் இருக்கிறார்கள். சாகசம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு என்ன ஆகிறது என்பதில் தொடங்குகிற கதை ஃப்ரீரென். 'ஒண்ணுமே நடக்கல' என்று தம்பிகள் பாதியில் விட்ட அதே தொடரில், நடப்பது என்ன என்று அக்காக்கள் பொறுமையாக எடுத்துச் சொல்வதைக் கேட்க வேண்டும். அவர்கள் விமர்சனம் மேல் என்பது என் அபிப்பிராயம்.

2025 செப்டம்பர் 12 அன்று டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காசில் படம் தமிழ் டப் உட்பட வெளியானபோது இந்தத் தனித்தனிக் கூட்டங்கள் ஒரே இருட்டில் உட்கார்ந்தன. இரண்டு மணி 35 நிமிடப் படம். வெளியே வந்ததும் எல்லோரும் சொன்ன ஒரே குறை, சண்டைக்கு நடுவே ஃப்ளாஷ்பேக் அதிகம் என்பது. வாரம் 20 பக்கம் வரும் மங்காவில், அடி விழும் நேரத்தில் நிறுத்திப் பழைய கதை சொல்வது வாசகனைப் பிடித்துவைக்கும் உத்தி. அதை அப்படியே ஒரே மூச்சில் ஓடும் படமாக்கினால் மூச்சு முட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் பாதி ஃப்ளாஷ்பேக்கில் வளர்ந்த தமிழ் சினிமா ரசிகர்கள் வில்லனின் முன்கதையைத்தான் அதிகம் கொண்டாடினார்கள். குறை சொன்னவர்களில் அதிகம் பேர் மங்கா படித்தவர்கள். அவர்களுக்கு அது தெரிந்த கதை.

சென்னையில் 2024 பிப்ரவரியிலிருந்து காமிக் கான் நடக்கிறது, நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில். எண்ணூரிலிருந்து அங்கே போய்த் திரும்புவதே தனி ஆர்க், அதாவது தொடருக்குள் வரும் ஒரு நீளமான கதைப்பகுதி மாதிரி. எம்.சி. ரோட்டில் நருட்டோவின் வில்லன் கூட்டமான அகட்சுகியின் மேகச் சின்னம் போட்ட ஓவர்சைஸ் டீ-ஷர்ட் வாங்கி மாட்டிக்கொண்டு தெருமுனையில் நிற்பவர்களே இங்கு அதிகம்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பெரிய தகராறு ஒன் பீஸ். 1999 அக்டோபரில் தொடங்கி 1,100 எபிசோடைத் தாண்டிய தொடர். 2026இலிருந்து ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோட்தான் என்று அறிவித்துவிட்டார்கள். மங்காவின் ஒரு அத்தியாயத்தைக்கூட முடிக்காமல் முறைப்பதும் ஓடுவதுமாக எபிசோடை இழுத்த காலம் இதோடு போகும் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவனுக்கு இது நல்ல செய்தி. வேகம் கூடும், படமும் நன்றாக இருக்கும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் பல ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைப் பார்த்துப் பழகிய திருவொற்றியூர் அண்ணன்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "இழுத்தா இழுக்கட்டுமே, உனக்கு இன்னா அவசரம்?" என்பார்கள்.